கோடீன் கலந்த நோவு மாத்திரைகள்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



இன்று மாலை தேக சௌக்கியத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். கல்வி, விவாகச் செலவு, வியாபாரம் முதலிய பெரிய விஷயங்களைப் பேசத்தக்க பெரியோர் பலர் இச்சபையில் வீற்றிருக்க, யான் எடுத்துக்கொண்டதோ ஒரு சிறு மாத்திரையைப் பற்றிய விஷயம். மாத்திரை சிறிதாயினும் அதனால் விளையுங் கேடு சிறிதன்று. அக்கேடு வீட்டிற்குள்ளேயே, மருந்துப் பெட்டிக்குள்ளேயே, பிறர் அறியாவண்ணம் வளர்வதாகலின், குடும்பங்கள் கூடியுள்ள இத்தகைய சபையிலேயே அதனைப் பேசுதல் பொருத்தமென்று துணிந்தேன்.

மது அருந்தலாகாதென்று நம் பெரியோர் வழிவழியாகப் போதித்து வந்திருக்கின்றனர். குடிப்பவனுக்குப் பெண் கொடுக்க இன்றும் நம்மவர் அஞ்சுவர். ஆனால் மருந்தென்று பெயர் சூட்டி ஒரு பொருள் வீட்டினுள் நுழையுமாயின் அதனைத் தடுப்பார் ஒருவருமில்லை. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓரதிகாரமும், மருந்துக்கு ஓரதிகாரமும் தனித்தனியே வகுத்தார். யான் சொல்லப்புகுந்த மாத்திரையிலோ மருந்தும் மயக்கப்பொருளும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அதுவே இதன் அபாயம்.

இது நமக்கு எவ்வாறு சம்பந்தப்பட்டதென்று சிலர் வினவலாம். நம்மவரின் மக்களும் மருமக்களும் லண்டனிலும், சிட்னியிலும், மெல்போர்னிலும் குடியேறி வாழ்கின்றனர். பெற்றோர் ஆறு மாதம் அங்கும் ஆறு மாதம் இங்குமாக இருக்கின்றனர். ஊருக்கு வரும் பிள்ளைகள் சாக்லேட்டோடும் வாசனைத் தைலத்தோடும், "முழங்கால் நோவுக்கு நல்லது" என்று மாத்திரைகளையும் கொண்டுவந்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அம்மாத்திரைகளிற் சிலவற்றில் கோடீன் உண்டென்பதைக் கொடுப்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். பிரிட்டனில் பாரசிட்டமாலும் கோடீனும் கலந்த 'கோ-கோடமால்' என்னும் மாத்திரையின் குறைந்த அளவுள்ள வகையை, வைத்தியர் சீட்டின்றியே மருந்துக்கடையில் வாங்கலாம். ஆஸ்திரேலியாவிலும் 2018-ம் வருடம் ஜனவரி மாதம் முடியும்வரை அவ்வாறே இருந்தது.

கோடீன் என்பது யாது? கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலே அபினி. அவ்வபினியிலிருந்து 1832-ம் வருடத்தில் பிரான்சு தேசத்து ரசாயன சாஸ்திரியாகிய ரோபிக்கே என்பவர் கோடீனைப் பிரித்தெடுத்தார். கசகசாக் காயைக் குறிக்கும் கிரேக்க மொழிச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. அதற்கு முன்னரே அபினியிலிருந்து பிரிக்கப்பட்ட மார்பீனும் இதுவும் உடன்பிறப்புக்களே. கடுமையான நோவையும் இருமலையும் அடக்குதற்கு வைத்தியர்கள் இதனை நெடுங்காலமாக வழங்கி வருகின்றனர். தக்க நோயாளிக்குத் தக்க அளவில் சில தினங்கள் கொடுப்பதைப் பற்றி யான் குறைகூற வரவில்லை. தானே வைத்தியராகித் தானே நோயாளியாகி மாதக்கணக்கில் விழுங்குவதைப் பற்றியே பேசுகின்றேன்.

கோடீனுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அது தானாக நோவைத் தீர்ப்பது சொற்பமே. வயிற்றிற் சென்றபின் ஈரலிலுள்ள ஒரு நொதியானது அதில் சுமார் 100-க்கு 5 முதல் 10 பங்கை மார்பீனாக மாற்றுகின்றது. அம்மார்பீனே நோவை அடக்குகின்றது. அந்நொதியின் வலிமை பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு அது வேலை செய்வதேயில்லை. அவர்கள் எத்தனை மாத்திரை உண்டாலும் நோவு தணியாது. வேறு சிலருக்கோ அது மிக்க வேகத்துடன் வேலை செய்து, பிறருக்குச் சாதாரணமான அளவையே அபாயமான மார்பீனாக்கிவிடும். தாம் எவ்வகையைச் சேர்ந்தவரென்பது பார்வையால் அறியத்தக்கதன்று. ஆகவே, "அண்ணன் உண்டார், ஒன்றும் செய்யவில்லை, நீயும் உண்" என்று சொல்லுதல் பெரும் பிழையாகும்.

இக்காரணம் பற்றியே, தொண்டைச் சதை அறுவை செய்யப்பெற்ற குழந்தைகள் சிலர் கோடீன் உட்கொண்டு மூச்சடங்கி இறந்தமையைக் கண்ட அமெரிக்க மருந்து அதிகாரிகள் 2013-ம் வருடத்தில் கடுமையான எச்சரிக்கை விடுத்தனர். 2017-ம் வருடத்தில், 12 வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு நோவுக்காயினும் இருமலுக்காயினும் கோடீன் கொடுத்தலாகாதென்று விதித்தனர். முலைப்பால் வழியே சிசுவைச் சேர்தலால், பாலூட்டும் தாய்மாரும் இதனை விலக்கவேண்டும். தாய்மார்கள் இதனை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

நிற்க. இனி யான் முக்கியமாகச் சொல்லவேண்டிய விஷயத்திற்கு வருகின்றேன். கடையில் விற்கப்படும் இம்மாத்திரைகளில் கோடீன் தனியே இருப்பதில்லை. ஒன்றில் பாரசிட்டமால் 500 மில்லிகிராமும் கோடீன் 8 மில்லிகிராமும் இருக்கும். மற்றொன்றில் ஐபுப்ரோபென் 200 மில்லிகிராமும் கோடீன் 12.8 மில்லிகிராமும் இருக்கும். இவற்றில் கோடீன் சிறு பங்கு. துணை மருந்தே பெரும் பங்கு. கோடீனுக்குத் தேகம் விரைவில் பழகிப்போகும். நேற்று இரண்டில் அடங்கிய நோவுக்கு இன்று நான்கு வேண்டும். நாளை எட்டு வேண்டும். ஆனால் கோடீனுக்குத் தேகம் பழகுவதுபோலப் பாரசிட்டமாலுக்கு ஈரல் பழகுவதில்லை. ஐபுப்ரோபெனுக்கு இரைப்பை பழகுவதில்லை. கோடீனைத் தேடி ஓடுபவன் அறியாமலே துணை மருந்தையும் வாரி விழுங்குகின்றான். பலரைப் படுக்கையிற் கிடத்துவது அவன் தேடிய மருந்தன்று, தேடாத மருந்தே.

கணக்கிட்டுப் பாருங்கள். பாரசிட்டமால் ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேற்படலாகாது. பழக்கத்திற்கு அடிமையான ஒருவர் மேற்கூறிய மாத்திரைகளில் 20 உண்பாராயின், அவருக்குக் கிடைக்கும் கோடீன் 160 மில்லிகிராமே. ஆனால் பாரசிட்டமாலோ 10 கிராம்! அவ்வளவு பாரசிட்டமால் ஈரலைப் பாழாக்கப் போதுமானது. சாதாரண அளவில் உண்ணும்போது பாரசிட்டமாலின் ஒரு சிறு பங்கு ஈரலில் நஞ்சாக மாறுகின்றது. ஈரலிலுள்ள குளுட்டாதயோன் என்னும் பொருள் அந்நஞ்சை உடனுக்குடன் முறித்துவிடுகின்றது. அளவு மிஞ்சினால் அக்காவற்பொருள் தீர்ந்துபோக, நஞ்சு ஈரலின் அணுக்களையே கொல்லத் தொடங்குகின்றது. மது அருந்துபவர்க்கும், பட்டினி கிடப்பவர்க்கும், உடல் மெலிந்தவர்க்கும் அக்காவற்பொருள் முன்னரே குறைந்திருப்பதால் அபாயம் அதிகம்.

இதிலுள்ள கொடுமை யாதெனில், முதல் நாளில் ஒன்றும் தெரியாது. சிறிது குமட்டல், வாந்தி, சோர்வு, அவ்வளவே. "தப்பினோம்" என்று எண்ணியிருக்கும்போதே, மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ கண் மஞ்சளித்து, அறிவு தடுமாறி, ஈரல் செயலற்றுப்போம். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்னும் நல்ல மாற்று மருந்து உண்டு. ஒரே வேளையில் அளவு மிஞ்சி உண்டவருக்கு, உண்ட 8 மணி நேரத்திற்குள் அதனைக் கொடுத்தால் ஈரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். காலந் தாழ்த்தால் பலன் குறையும். ஆதலால் அளவு மிஞ்சி உண்டாரென்று தெரிந்தவுடனே, நோயாளி நன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலும், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைக. விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

இனி ஐபுப்ரோபென் கலந்ததைப் பார்ப்போம். வைத்தியர் மேற்பார்வையின்றி ஒருவர் நாளொன்றுக்கு உண்ணத்தக்கது 1,200 மில்லிகிராம். 30 மாத்திரை உண்பவருக்குச் சேர்வது 6,000 மில்லிகிராம். அஃதாவது ஐந்து மடங்கு. இரைப்பையிற் புண் உண்டாகி இரத்தங் கசியும். சில சமயம் துளையே விழும். சிறுநீரகங் கெடும். இரத்தத்தில் பொட்டாசியம் என்னும் உப்புச்சத்து அபாயகரமாகக் குறைந்து கைகால் சோர்ந்துபோகும். முப்பது மாத்திரையை ஒருவர் உண்பாரோ என்று நீங்கள் ஐயுறலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் இம்மாத்திரையால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 27 நோயாளிகளைக் குறித்து வைத்தியர்கள் 2010-ம் வருடத்தில் அந்நாட்டு வைத்தியப் பத்திரிகையில் எழுதினர். அவர்களிற் பெரும்பாலோர் நாளொன்றுக்கு முப்பதுக்கு மேற்பட்ட மாத்திரைகள் உண்ணும் நிலைக்கு வந்தவர்கள். முன்பு எவ்வித லாகிரிப் பழக்கமும் இல்லாதவர்களே அவர்களிற் பெரும்பாலோரும். கவனியுங்கள்! அவர்கள் தெருவிற் கிடந்தவர்களல்லர். பல்வலிக்கும் தலைவலிக்கும் முதுகு நோவுக்கும் கடையில் மாத்திரை வாங்கிய நம்மைப் போன்ற மனிதர்களே. ஐரோப்பிய மருந்து நிறுவனமும் 2022-ம் வருடத்தில் இம்மாத்திரையால் சிறுநீரகத்திற்கும் குடலுக்கும் உயிர்ச்சேதம் வரை நேரலாமென்று எச்சரித்தது.

இப்பழக்கம் எவ்வாறு பற்றுகின்றதென்பதையும் அறிதல் வேண்டும். ஒருவருக்கு அடிக்கடி தலைவலி வருகின்றதென்று வைத்துக்கொள்வோம். கோடீன் மாத்திரை உண்கின்றார், வலி நீங்குகின்றது, மனத்திலும் ஒருவித அமைதி தோன்றுகின்றது. மாதத்தில் 10 நாட்களும் அதற்கு மேலும் இவ்வாறு மூன்று மாதத்திற்கு மேல் உண்பாராயின், அம்மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். இதற்கு மருந்து மிகைத் தலைவலியென்று பெயர். வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வலி என்னும் செக்கினைச் சுற்றிச் சுற்றி வருகின்றார். ஒருநாள் நிறுத்த முயன்றால் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, உடல் நோவு, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியன தோன்றும். அவரோ பழைய நோயே திரும்பிற்றென்று கருதி மீண்டும் அட்டையைக் கிழிக்கின்றார். அடிமைப்பட்டோமென்பதை அடிமைப்பட்டவரே அறியாதிருத்தல் இதன் தன்மை.

உயிரை உடனே மாய்க்கும் அபாயம் மற்றொன்று உண்டு. கோடீன் மூச்சை மந்தப்படுத்தும். தூக்க மாத்திரையோடும், மன அமைதிக்கான மாத்திரையோடும், மதுவோடும் அது சேர்ந்தால் உறங்குபவர் விழிக்காமலே போகலாம். ஆஸ்திரேலியாவில் 2000-ம் வருடம் முதல் 2013-ம் வருடம் முடியக் கோடீன் சம்பந்தப்பட்ட மரணங்கள் 1,437 என்று ஆராய்ந்து கணக்கிட்டிருக்கின்றனர். பத்து லட்சம் ஜனங்களுக்கு 2000-ம் வருடத்தில் 3.5 ஆக இருந்த மரணம் 2009-ம் வருடத்தில் 8.7 ஆக உயர்ந்தது. அம்மரணங்களிற் பெரும்பாலானவற்றில் வேறு மருந்துகளும் உடன் இருந்தன. ஏறக்குறையப் பாதி மரணங்கள் தற்செயலாக நேர்ந்தவை. அஃதாவது, சாகவேண்டுமென்று கருதாதவர்கள் செத்தார்கள்.

இதனைக் கண்ட அரசாங்கங்கள் வாளாவிருக்கவில்லை. பிரிட்டனில் 2009-ம் வருடத்தில், "இது அடிமைப்படுத்தக் கூடியது, மூன்று தினங்களுக்கு மட்டுமே" என்னும் கருத்துள்ள எச்சரிக்கையை மாத்திரைப் பெட்டியின்மேல் அச்சிடச் செய்து, ஒரு பெட்டிக்கு 32 மாத்திரை என்று வரையறுத்தனர். பிரான்சில் 2017-ம் வருடத்தில் வைத்தியர் சீட்டின்றிக் கோடீன் விற்பதையே நிறுத்தினர். ஆஸ்திரேலியாவில் 2018-ம் வருடம் பிப்ரவரி மாதம் 1-ந் தேதி முதல் அவ்வாறே நிறுத்தினர். நோவுற்றோர் தவிப்பரே என்று அப்பொழுது பலர் ஆட்சேபித்தனர். ஆயின் கடை மாத்திரையிலுள்ள சொற்பக் கோடீன், தனிப் பாரசிட்டமாலைக் காட்டிலும் அதிக நன்மை செய்வதாக உறுதியான சான்றில்லையென்று அதிகாரிகள் எடுத்துக் காட்டினர். சட்டத்தின்பின் அந்நாட்டிற் கோடீனால் நஞ்சுண்ட நிலைக்கு ஆளாவோர் தொகையும், அதன் விற்பனையும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. எளிதிற் கிடைப்பதே பழக்கத்திற்கு முதற்காரணமென்பது இதனால் விளங்கும்.

நம் தேசத்திலோ கோடீன் எச்-1 என்னும் அட்டவணையைச் சேர்ந்த மருந்து. 2014-ம் வருடம் மார்ச் மாதம் முதல் அச்சட்டம் அமலில் உள்ளது. வைத்தியர் சீட்டின்பேரிலேயே விற்கவேண்டும். வைத்தியர் பெயரும் நோயாளி பெயரும் தனிப் புத்தகத்தில் பதிந்து மூன்று வருடம் வைத்திருக்கவேண்டும். சட்டம் இவ்வாறிருக்க, வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியும், பழைய சீட்டும், தெரிந்த கடைக்காரரின் தாட்சணியமும் அச்சட்டத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டிற்குள் வருகின்றன. நம்மவரில் மருந்துக்கடை நடத்தும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உறவினர் என்பதற்காகச் சீட்டின்றிக் கொடுத்தல் உபகாரமன்று, அபகாரமே. பிரயாணஞ் செய்வோரும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் கோடீன் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து; முன் அனுமதியின்றிக் கொண்டுசெல்வோர் சிறைப்பட நேரிடும். துபாய் வழியாகச் செல்லும் பெற்றோர் தம் பெட்டியைச் சோதித்துக்கொள்க.

இனி, இல்லந்தோறும் கைக்கொள்ளத் தக்கவற்றைச் சுருங்கச் சொல்லுகின்றேன். முதலாவது, இன்றிரவு வீடு சென்றதும் மருந்துப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு அட்டையிலும் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். கோடீன் இருந்தால் தனியே வைத்து வைத்தியரைக் கேளுங்கள். இரண்டாவது, சளி மாத்திரை, ஜுர மாத்திரை ஆகியவற்றிலும் பாரசிட்டமால் உண்டாகையால், இரண்டையும் கூட்டிக் கணக்கிடுங்கள். மூன்றாவது, ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றொருவருக்குக் கொடாதீர்கள். நான்காவது, மூன்று தினங்களில் அடங்காத நோவு வைத்தியரைக் காணவேண்டிய நோவு. மாத்திரையைக் கூட்டவேண்டிய நோவன்று. ஐந்தாவது, உறங்குபவர் எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலித்து, கண்மணி ஊசிமுனைபோற் சுருங்கியிருக்குமாயின், தமிழ்நாட்டில் உடனே 108-க்குத் தெரிவியுங்கள். அதனை மாற்ற நாலக்சோன் என்னும் மருந்து உண்டு.

ஆறாவதாகவும் ஒன்றுண்டு. நீண்டநாள் பழகியவர் வீராவேசமாக ஒரே நாளில் நிறுத்த முயல வேண்டுவதில்லை. அளவைப் படிப்படியாகக் குறைத்தும், புப்ரனார்பின் முதலிய மாற்று மருந்துகளைக் கொடுத்தும் இப்பழக்கத்தினின்று மீட்கும் முறையை வைத்தியர்கள் அறிவர். அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலுள்ள மனநோய்ப் பிரிவில் இதற்குச் சிகிச்சை பெறலாம்.

ஆனால் அங்கே செல்வதற்கு நம்மவர் அஞ்சுகின்றனர். எதற்கு? மரணத்திற்கன்று, பேச்சுக்கு. "இன்னார் வீட்டு மருமகள் மாத்திரைக்கு அடிமையாம்" என்று ஒருவர் சொன்னால், அவ்வீட்டில் பெண் எடுக்கவும் பெண் கொடுக்கவும் பின்வாங்குவார்களே என்னும் அச்சமே அவர்களை வாய்மூடச் செய்கின்றது. நம் சமூகம் நெருங்கிப் பழகும் சமூகம். ஆபத்தில் ஓடிவந்து உதவுவதும் அந்நெருக்கமே. குற்றங்கூறிக் குடும்பத்தைக் கூனச் செய்வதும் அந்நெருக்கமே. இடுப்பு நோவென்று மாத்திரை உண்ணத் தொடங்கிய ஒரு தாய், அதனின்று விடுபட முடியாமல், மூக்குப்பொடி டப்பாவைப் போல மாத்திரை அட்டையை முந்தானையில் மறைத்து வாழ்வாளாயின், அவளை அந்நிலையில் வைத்திருப்பது மாத்திரை மாத்திரமன்று; நாமும்தான்.

ஒருவருக்கு நீரிழிவு வந்தால் நாம் பழிப்பதில்லை. இதுவும் ஒரு நோய். நோவைத் தீர்க்கப் போய் வந்த நோய். ஆதலால், குடிப்பவரைத் திருத்துதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் முயற்சியைக் காட்டிலும் அதிகமான பரிவோடு இவர்களை அணுகவேண்டும். உங்களில் எவருக்கேனும் இத்தகைய சந்தேகம் தம்மைப் பற்றியோ தம் வீட்டாரைப் பற்றியோ இருக்குமாயின், பிறர் என்ன சொல்வரோ என்று எண்ணாமல் வைத்தியரிடம் செல்லும்படி கைகூப்பி வேண்டுகின்றேன். துணைக்கு ஒருவர் வேண்டுமென்றால் சங்கத்தார் வருவார்கள். கேட்டதை வெளியிற் சொல்லார்கள். அவ்வளவேனும் செய்யாவிடில் சங்கமென்று ஒன்று நமக்கு எதற்கு?